கிட்டு வாசித்த சாயங்காலம்

பதிவுக் கல்யாணத்துக்கு நோட்டீஸ் கொடுத்து மறுநாளோடு மூன்று மாதம் முடிகிறது. அதற்குள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தத் தாள் செல்லாது. மறுபடி எழுதிக் கொடுத்து, மறுபடி முப்பது நாள் எங்கள் பெயர்கள் அங்கே சுவரில் தொங்க வேண்டும். எனக்கு அவ்வளவு நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்பர்நாத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் என் வாப்பா, பிரியாணிக்குக் கறிகூடச் சொல்லிவிட்டார்.

கிட்டுவிடம் ஒரே ஒரு பதில் வாங்கத்தான் அன்று தாதர் கடற்கரைக்குப் போனேன். நாளைக்கு வருவானா, மாட்டானா? அவன் வயலினோடு வந்திருந்தான். மாட்டுங்காவில் ஒத்திகை முடித்து நேராக வருகிறானாம், செம்பூரில் வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வர நேரமில்லையாம். அப்போதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டேன். சொல்கிறேன், முதலில் இதைக் கேள் என்று படிக்கட்டில் சம்மணம் போட்டான். வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி பெஹாக் எடுத்தான்.

அந்த ராகத்துக்கு நான் உருகிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், அறுந்துபோன வயலின் பெட்டி வாரைத் தைக்க எங்கள் பட்டறைக்கு வந்தான். வயலினுக்கு ஒன்றும் ஆகவில்லையா பார்க்கிறேன் பேர்வழி என்று பெட்டியைத் திறந்து வாசித்துக் காட்டியது இதைத்தான். பெஹாக்கில் ஆளைக் கொஞ்சுகிற இடம் ஒன்று இருக்கிறது. மேலே போகிற மாதிரி போய், மனசு கேட்காமல் திரும்பி வரும். அங்கே அவன் வில்லை மெதுவாக இழுத்தால் என்னிடம் கோபம் தங்காது.

எதிரே சூரியன் கடல் பாலத்தின் கம்பிகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் சாம்பலாகத்தான் இருந்தது, மாஹிம் சாக்கடை கலக்கிற அதே தண்ணீர். பத்து நிமிஷத்தில் மாதுளைச் சாறு ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. மீன் படகுகள் கறுத்து, அசையாமல் நின்றன. ஈர மணலில்கூட வானம் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் எந்த அழகையும் நான் அவ்வளவு வெறுத்ததில்லை. கடல், வானம், பெஹாக் எல்லாம் அவன் கட்சியில் சேர்ந்துகொண்டு என் வாயை அடைத்தன.

இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தலையை ஆட்டினான். அது சரி என்பதா, இரு என்பதா, தெரியவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா என்றுகூடக் கேட்டுவிட்டேன். கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த ஒரு மராத்திப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்து, பிரியமாகச் சிரித்து, தன் புருஷன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

சூரியனின் கடைசித் துண்டும் தண்ணீருக்குள் போனபோது பெஹாக் நின்றது. இப்போது சொல்லுவான் என்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் மறுபடி வில்லை வைத்தான். சௌராஷ்டிரம். முதல் வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்று வருஷம் மாட்டுங்கா சபாவின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான். பக்கத்து மாமி நான் யாரென்று விசாரித்தபோது, ஷைலு, கூடப் படித்தவள் என்று அவன்தான் என் பெயரை மாற்றிச் சொல்லி வைத்தான். இந்த மெட்டு தொடங்கியதும் அந்த மாமிகள் எல்லாம் காலால் செருப்பைத் துழாவுவார்கள். இது மங்களம். கச்சேரியை முடிக்கிறபோது வாசிப்பது. இதற்குப் பிறகு யார் கேட்டாலும் வாசிக்க மாட்டார்கள். வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாமல் என்னிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கீழ்ப்படியில் கை தட்டினார்கள். அவன் அவர்களுக்குக் கும்பிடு போட்டான். எனக்கு மானம், ரோஷம் எதுவும் மிச்சமில்லை. அத்தனை பேருக்கு நடுவில் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு வாசி கிட்டு. எது வேணும்னாலும் வாசி. ஒரே ஒரு ஸ்வரம் போதும்."

அவன் வில்லின் திருகைத் தளர்த்தினான்.

"மங்களம் ஆயிடுத்து, ஷைஸ்தா."

குரல் உடைந்துதான் இருந்தது. அழக்கூட அழுதான். அந்த அழுகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மறுநாள் பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும் என்று என் தோழி ஜுவைரியா தன் ஆபீஸிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவன் போன் அணைந்து கிடந்தது. கூட வந்த இரண்டு பேரும் மூன்று மணிக்குக் கிளம்பிப் போனார்கள். நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஐந்தரைக்கு மின்விசிறியை நிறுத்த வந்த குமாஸ்தா, பையன் எங்கே என்று கேட்டார். செம்பூரிலிருந்து வருகிற டிரெயின் லேட், இதோ வந்துவிடுவார் என்று சொன்னேன்.