நல்ல கைக்கு உறை

குண்டுச் சிதறல் மண்டையின் இடப்பக்கத்தைத் துளைத்ததிலிருந்து பட்டாளத்துக்காரரின் வலது கை பேருக்குத்தான் கை. "கையில ஒரு கோளாறும் இல்லம்மா. அந்தக் கைக்குப் போற வழி மூளைக்கு மறந்துபோச்சு," என்றார் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அம்மா. "நல்ல கையை முடக்கிப் போட்டா, வேற போக்கில்லாம மூளை புது வழி தேடும்." இப்போதெல்லாம் இப்படித்தான் வைத்தியமாம். இடது கையில் கனத்த உறையை மாட்டி, பகல் முழுக்கக் கழற்றக் கூடாதென்று பட்டாளத்துக்காரரின் பெண்டாட்டியிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவளும் கழற்றவில்லை. பிசியோ அம்மாவின் தலை மறைந்ததும் ஸ்பூனைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். மசித்த உருளைக்கிழங்கு சட்டையெல்லாம் அப்பிக்கொள்ள, மனுஷன் பல்லைக் கடிப்பதை எந்தப் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருப்பாள்? அந்தச் சட்டையைத் துவைப்பதும் அவள்தானே. இதில் பாசம் எவ்வளவு, அலுப்பு எவ்வளவு என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கையில் முன்னேற்றம் ஒன்றும் காணோம். பிசியோ அம்மா மோப்பம் பிடித்துவிட்டார்.

"நீங்கதான் ஊட்டுறீங்களா?"

"பசியோட இருக்காரேன்னு..."

"அந்த உறையை உங்களுக்குத்தான் மாட்டணும்! இந்த வாரக் கடைசிப் பரிசோதனையிலயும் இப்படியே இருந்தா, கட்டிலை அடுத்தவருக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் வீட்டுல வச்சு ஆயுசுக்கும் ஊட்டுங்க."

ஆயுசுக்குமா? அவளால் இப்போதே முடியவில்லை. பிள்ளைகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, நாற்காலியிலேயே தூங்கி எழுந்து, இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. இன்னும் எத்தனை வருஷம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மதியச் சாப்பாடு வந்தது. இன்றைக்குத் தொடவே மாட்டேன் என்று தட்டை அவர் முன்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அசதியில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

டங்கென்று ஒரு சத்தம். விழித்துப் பார்த்தால், அவருடைய வலது கையில் ஸ்பூன்! குழந்தை மாதிரி முழுக்கையால் பிடித்திருந்தார். அது நடுங்கி, தாடையில் இடித்து, மூக்கில் பூசி, ஒருவழியாக வாய்க்குள் போனது. சட்டை நாசம். தட்டில் பாதி காலி.

அவள் விழித்துவிட்டதை அவர் பார்த்தார். உடனே ஸ்பூனைக் கீழே வைத்தார். எப்போதும்போல அவளைப் பார்த்து வாயைத் திறந்தார்.

அவளுக்குப் பகீரென்றது. இத்தனை நாளும் இதைத்தானா பழக்கி வைத்திருக்கிறோம்? அவர்மேல் பாதியும் தன்மேல் பாதியுமாகக் கோபம் வந்தது. அப்போதும் அவள் கை ஸ்பூனைப் பார்த்துத்தான் நீண்டது.

பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தூக்கம் வருதுங்க," என்று கண்ணை இறுக்கி மூடினாள்.

வெகு நேரம் சத்தமே இல்லை. பிறகு ஸ்பூன் தட்டில் உரசியது. மூடிய கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவில்லை, அசைந்தால் நிறுத்திவிடுவாரே.