சட்டைப் பையில் கிடந்த நட்டு

மெக்கானிக்குக் கோபம் வரக்கூடாதுன்னு யாரும் சட்டம் போடல. எனக்கு வரும். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குத் திட்டும். பதினெட்டு வருஷமா என் பட்டறை அப்படித்தான் ஓடுது. அதனால ஒரு குறையும் வந்ததில்லைன்னு நம்பிட்டு இருந்தேன், அந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும்.

அன்னிக்குக் காலையில என் தங்கச்சியும் அவ புருஷனும் காரைக் கொண்டு வந்து நிறுத்தினாங்க. மலை மேல இருக்கிற அவ மாமியார் வீட்டுக்குப் போறாங்களாம். தங்கச்சிக்கு ஏழு மாசம். வானம் வேற கறுத்துக் கிடந்துச்சு.

"வைப்பர் மோட்டார் போயிடுச்சு மச்சான். புதுசு மாத்தணும்"னு மாப்ள வந்ததும் வராததுமா சொன்னான்.

"நீ எப்ப மெக்கானிக் ஆன?"ன்னேன்.

சுவிட்சைப் போட்டேன். மோட்டார் உறுமுது. பக்கத்து சீட்டுப் பக்கம் வைப்பர் ஒழுங்கா ஆடுது. ஓட்டுறவன் பக்கம் மட்டும் பாதிக் கண்ணாடியில படுத்துக் கிடக்கு. மோட்டார் போயிருந்தா ரெண்டும்ல படுக்கணும்? வைப்பர் அடியில இருக்கிற மூடியை எடுத்துப் பாத்தா உள்ள அச்சு ஜோரா சுத்துது, அதுமேல இருக்கிற வைப்பர் கம்பிதான் கூட வரல. அப்போ ரெண்டையும் சேத்துப் பிடிக்கிற நட்டு சரியில்ல. இதுக்குப் போய் மோட்டாரைக் குத்தம் சொல்றான், அறிவாளி.

என் கார் பக்கத்துலயே நின்னுச்சு. அதே கம்பெனி, அதே மாடல். என்னைப் பாத்துதான் மாப்ள வாங்கினான். என் பொண்டாட்டி என் வண்டியை வண்டின்னே சொல்ல மாட்டா, ஸ்பேர் கடைம்பா. அவசரம்னு வர்றவங்களுக்கு அதுல இருந்து எதையாவது கழட்டிப் போட்டு அனுப்பிடுவேன். அதோட பின்பக்க லைட்டு இப்ப யாரோ ஒரு வாத்தியார் வண்டியில எரியுது.

நட்டைக் கழட்டிட்டு அச்சுல இருந்த துருவைத் தேச்சு எடுத்தேன். எனக்கு ஒரு பழக்கம். நட்டு போடாம கம்பியை அச்சுல சும்மா அமுக்கி வச்சு, கண்ணாடியை நனைச்சு ஒரு ஓட்டு ஓட்டிப் பாப்பேன். பிளேடு சரியான இடத்துல வந்து நிக்குதான்னு பாத்துட்டு, அப்புறந்தான் நட்டை முடுக்கி மூடியைப் போடுவேன். அதுவரைக்கும் நட்டு என் சட்டைப் பையில இருக்கும்.

பிளேடு சரியா வந்து நின்னுச்சு. அந்த நேரம் பாத்து மாப்ள வாயைத் திறந்தான். "பிரசவம் வரைக்கும் அங்கயே இருக்கட்டும்னு அம்மா சொல்றாங்க மச்சான்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. அந்த மலையில ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும். அப்பா போனதுக்கு அப்புறம் அவளை வளத்தவன் நான், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் என்னென்ன பேசினேன்னு வரி வரியா ஞாபகம் இருக்கு. என்ன செஞ்சேன்னுதான் ஞாபகம் இல்ல. ஸ்பானரை எடுத்தேன், அங்க போனேன், இங்க வந்தேன், மூடியை அமுக்கினேன். மாப்ள ரெண்டு தடவை "மச்சான், ஒரு நிமிஷம்"னான். "பேசாத"ன்னு அடக்கிட்டேன்.

தங்கச்சி கண்ணு கலங்கிப் போய், "போதும் விடுண்ணா, கிளம்புறோம்"னா.

"எங்கயோ போய்த் தொலைங்க"ன்னேன்.

அவங்க போய் ஒரு மணி நேரம் இருக்கும். மழை பிடிச்சுக்கிச்சு. சாப்பிட உக்காரலாம்னு அழுக்குச் சட்டையைக் கழட்டினேன். டங்குன்னு தரையில ஏதோ விழுந்து உருண்டுச்சு. குனிஞ்சு பாத்தா, நட்டு.

நட்டு இங்க இருக்கு, மூடி அங்க இருக்கு. நட்டே போடாம மூடியைப் போட்டு அனுப்பிட்டேன். லேசான தூறல்ல பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் தாங்கும். பெருமழை அடிச்சா கம்பி அச்சை விட்டுக் கழண்டுடும். அதுவும் ஓட்டுறவன் பக்கம். அதுவும் அந்த வளைவுகள்ல.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னுது. திரும்பத் திரும்பப் போட்டேன், அதையேதான் சொல்லுது. நட்டைப் பையில போட்டுக்கிட்டு, பொண்டாட்டி கூப்பிடக் கூப்பிட என் வண்டியை எடுத்துட்டுப் பறந்தேன்.

அடிவாரம் வரைக்கும் தூறல்தான். மலை ஏற ஆரம்பிச்சதும் என் கண்ணு ரோட்டுல இல்ல, ஓரத்துலதான். ஒவ்வொரு வளைவுலயும் தடுப்புச் சுவர் உடைஞ்சிருக்கான்னு பாத்துக்கிட்டே போனேன். ஒரு இடத்துல நாலஞ்சு பேர் கூடி நின்னு கீழ எட்டிப் பாக்குறாங்க. வண்டியை ஓரங்கட்டிட்டு ஓடினேன். கிட்டப் போனா, லாரியில இருந்து சரிஞ்ச மூட்டையைப் பாத்துட்டு இருக்காங்க. போய்த் தொலைங்கன்னு சொன்ன வாயை உடைக்கணும்போல இருந்துச்சு. வேற எதையும் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?

அடுத்த வளைவுல மழை கொட்டுச்சு. என் வைப்பர் ஒரு தடவை இழுத்துக்கிச்சு, இன்னொரு தடவை கோணிக்கிச்சு. அப்புறம் சடார்னு கழண்டு எங்கயோ போயிடுச்சு. முன்னாடி கண்ணாடி முழுக்க வெள்ளை. ரோடு எங்க இருக்கு, பள்ளம் எங்க இருக்குன்னு தெரியல. மேல இருந்து ஏதோ பெரிய வண்டி ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. கண்ணை மூடிக்கிட்டு பிரேக்கை மிதிச்சேன். அது என் கதவை உரசுற மாதிரி போச்சு, வண்டியே ஆடிடுச்சு.

இறங்கிப் பாத்தேன். முன் சக்கரம் பள்ளத்துக்கு ரெண்டு சாண் தள்ளி நிக்குது. ஓட்டுறவன் பக்கம் அச்சு மொட்டையா இருக்கு. கம்பியும் இல்ல, நட்டும் இல்ல. பையில இருந்த நட்டை எடுத்து உள்ள விரல் நுனியை வச்சுத் தடவிப் பாத்தேன். திருகு மரை முழுக்கத் தேஞ்சு வழவழன்னு இருந்துச்சு.

அப்பத்தான் உறைச்சுது. இது அவங்க வண்டியோட பழைய நட்டு. அப்போ என் வண்டி நட்டு அவங்க வண்டியில இருக்கணும். இருக்கணும்தான். ஆனா போட்ட ஞாபகம் இல்லையே. திட்டிக்கிட்டே கழட்டினவன், திட்டிக்கிட்டே எங்கயாவது கீழ விட்டிருந்தா?

நனைஞ்சுக்கிட்டே நின்னேன். போன் அடிச்சுச்சு.

"மச்சான், இப்பத்தான் சிக்னல் வந்துச்சு. பதினாலு தடவை கூப்பிட்டிருக்கீங்க, என்னாச்சு?"

"வைப்பர் ஓடுதா?"

"நல்லா ஓடுது. உங்க வண்டி நட்டாச்சே, ஓடாம என்ன? நீங்க கழட்டும்போதே சொல்லலாம்னு பாத்தேன், மழையில உங்க வண்டியை எடுக்காதீங்கன்னு. நீங்கதான் பேச விடல."

கையில இருந்த பழைய நட்டைத் திரும்பவும் பையில போட்டுக்கிட்டேன்.

"மச்சான், மழைச் சத்தம் கேக்குது. எங்க இருக்கீங்க?"

"உங்க பின்னாடிதான்டா"ன்னேன்.

அரை மணி நேரத்துல அவங்க கார் என்னைத் தேடி வளைவுல இறங்கி வந்துச்சு. ரெண்டு வைப்பரும் ஒண்ணா ஆடுறதை நான் கண்கொட்டாம பாத்துட்டு இருந்தேன். தங்கச்சி கதவைத் திறந்துவிட்டு, "ஏறுண்ணா"ன்னா.

"எங்க?"

"தொலையத்தான். நீதானே சொன்ன?"

பின்சீட்டுல ஏறி உக்காந்தேன். அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வந்தாங்க. நான் வழி பூரா வாயைத் திறக்கல.