பரமேஸ்வரிக்கு விழுந்த வைன்

இக்காஸ்ட் நகரப் பின்னல் தொழிற்சாலையின் நத்தார்ப் பண்டிகை விருந்தில் சீட்டுக் குலுக்கியபோது பரமேஸ்வரிக்கு ஒரு போத்தல் சிவப்பு வைன் விழுந்தது. பெயரைக் கூப்பிட்டு, எல்லோரும் கைதட்ட, கையில் கொடுத்தார்கள். அகதியாக டென்மார்க்குக்கு வந்த பிறகு அவளுக்கு இப்படி ஒன்று நடந்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமிப்படங்களுக்குச் சற்றுத் தள்ளி, அலுமாரியில் வைத்தாள்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் அவளுடைய மெஷினடிக்கு வந்தார். முதலாளியின் மனைவி விஷயம் தெரியாமல் அந்தப் போத்தலைப் பரிசு மேசைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாராம். திருப்பித் தந்தால் பெரிய சொக்கிளேற் பெட்டி ஒன்று கொடுப்பார்களாம்.

“நீங்கள் வைன் குடிப்பதில்லையே?” என்றார்.

“குடிப்பதில்லை. ஆனால் அது என்னுடையது,” என்றாள், தனக்கு வந்த டேனிஷில்.

வீட்டில் கணவன் இரத்தினசிங்கம் பயந்துபோனான். “பேசாமல் குடுத்திடுமப்பா. முதலாளியோட ஏன் கொழுவல்?”

“நான் களவெடுக்கேல்லை, அவையள் தந்தது. சொக்கிளேற்றைக் காட்டி ஏய்க்க நான் என்ன சின்னப்பிள்ளையோ?”

சனிக்கிழமை முதலாளி மத்தியாசனே வந்தார். பனி ஒட்டிய சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். கலிபோர்னியாவில் ஒரு குடும்பம், செங்குத்தான மலைச்சரிவில் வைனுக்கு முந்திரிகைக்கொடித் தோட்டம் வைத்திருக்கிறது என்றார். மெஷின் ஏற முடியாத சரிவு. தகப்பனும் தாயும் இரண்டு மகள்மாரும் கையாலேயே பழம் பறிப்பார்களாம். கபர்னே என்ற திராட்சையோடு வேறு இரண்டு வகை கலந்து, வருஷத்துக்குச் சில பீப்பாய்கள்தான் செய்வார்கள். ஒருமுறை அங்கே போய்க் கெஞ்சி வாங்கி வந்த ஒரேயொரு போத்தல் இது.

“எங்கள் வெள்ளி விழாத் திருமண நாள் வருகிறது. அன்றைக்குத் திறக்க வைத்திருந்தேன்,” என்றார்.

சொக்கிளேற் பேச்சை அவர் எடுக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்தது. இரத்தினசிங்கம் அலுமாரிப் பக்கம் எழும்பினான். அவள் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தான்.

“திருப்பித் தரமாட்டேன்,” என்றாள். “விழாவுக்கு எங்களைக் கூப்பிடுங்கள். பரிசாகக் கொண்டுவருகிறேன்.”

மத்தியாசன் நாளையும் நேரத்தையும் சொல்லி, “இரண்டு பேரும் வாருங்கள்,” என்றார்.

விழாவன்று மத்தியாசன் வீட்டு வாசலில், அந்நாட்டு வழக்கப்படி, தேவதாருக் கிளைகளால் வளைவு கட்டியிருந்தது. பரமேஸ்வரி கூறைச்சேலைக்கு மேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். மத்தியாசன் கையை நீட்டினார். அவள் போத்தலை அவர் மனைவி இங்கரிடம் கொடுத்தாள். போத்தலைத் தூக்கிக் கொடுத்ததற்காக இவ்வளவு நாளும் கணவனிடம் பேச்சு வாங்கியிருந்த அந்த மனிசிக்கு முகம் சிவந்துவிட்டது.

போத்தலைத் திறந்ததும் முதல் கிளாஸ் பரமேஸ்வரிக்கு வந்தது.

“குடிக்க ஏலாட்டி வையும்,” என்றான் இரத்தினசிங்கம் மெதுவாக.

அவள் வைக்கவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள்.

“எப்படி?” என்று கேட்டார் மத்தியாசன், ஆவலோடு.

“கசக்கிறது.”

இங்கரும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “எனக்கும்தான்,” என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போனார்.