காளியாயி சொன்ன முதல் வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு விபூதிப் பொட்டலத்திலிருந்து வந்தது.

1967 ஆவணியில், பழனி அடிவாரத்தில் ஒரு கடைக்காரர் விபூதி மடித்துக் கொடுத்த தாளில் அச்செழுத்து தெரிந்தது. ‘இதில் கையெழுத்திட்ட எவரையும் எவரும் இங்கிருந்து வெளியேற்றலாகாது.’ நான் எழுதிய வாக்கியம். விபூதியைச் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு தாளை விரித்தேன். மீதி வாக்கியங்களும் என்னுடையவை.

என்னுடைய வாக்கியம் என்றேன். அது பொய். அதை முதலில் சொன்னவர் காளியாயி. எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் திருத்தினேன். இந்தக் கதை அந்தத் திருத்தத்தைப் பற்றியது.

இதில் சேனாதிபதி என்று வருகிறவன் நான். வேறு பெயர் கொடுத்து ‘அவன்’ என்று எழுதினால் அவனிடம் கடுமையாக இருக்கலாம் என்று நினைத்தேன். மூன்று பிரதி எழுதினேன். மூன்றிலும் அவன் நல்லவனாகவே வந்தான். இது நான்காவது.

2

தொடக்கங்கள்:

போளூர் மலைமீது பனி மெல்ல இறங்கும்போது

(இல்லை. போளூரில் யாரும் பனியை அப்படிப் பார்ப்பதில்லை. பூண்டுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்ப்பார்கள்.)

சமத்துவச் சமுதாயம் ஒன்றைப் படைக்கும் கனவோடு பன்னிரண்டு இளைஞர்கள்

(இல்லை. ஒன்பது பேர். இளைஞர்கள் மூவர். மற்றவர்களுக்கு வீட்டில் சண்டை.)

சரி.

1956 தை மாதம் சேனாதிபதி பழனியிலிருந்து மலையேறினான். வயது இருபத்து நான்கு. அப்பாவுக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. மகன் தமிழ் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, வாழைப்பழம் பிசைய மாட்டேன் என்றான். சுவாமிநாதன் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கோடைக்கானலைத் தாண்டி, போளூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பு தொடங்கியிருந்தார். ஒரே அடுப்பு, ஒரே காடு, தனக்கென்று யாருக்கும் எதுவும் இல்லை. எல்லோரும் அவரை ஐயா என்றார்கள்.

ஐயாவுக்கு ஓர் ஆசை. இந்தக் குடியிருப்பு எதற்காக இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிவிட வேண்டும். பத்து வாக்கியம். கொள்கை வாசகம் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எல்லோரும் கை தூக்க வேண்டும். ஒரு கை கீழே இருந்தாலும் வாக்கியம் விழுந்துவிடும். எழுதும் வேலை சேனாதிபதிக்குக் கொடுக்கப்பட்டது. காட்டுவேலைக்கு அவன் ஆகவில்லை.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் கீழிருந்து வந்தவர்கள். காளியாயி மட்டும் போளூர்க்காரர். ஐம்பது வயது. கணவர் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. ஒன்றரை ஏக்கர் பூண்டுக்காடு இருந்தது. கொழுந்தன் திருமலைச்சாமி அதைக் கேட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தான். அவனுக்குக் கொடுப்பதற்குப் பதில் குடியிருப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். குடியிருப்பிடம் இருந்த நிலத்தில் ஒழுங்காக விளைந்தது அது ஒன்றுதான்.*

* எழுதிக் கொடுத்த பத்திரத்தில் இருப்பது அவருடைய பெருவிரல் ரேகை. பதிவு அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது. நாங்கள்தான் பிறகு ஏற்கவில்லை.

3

கூட்டம் உருளைக்கிழங்குக் கொட்டகையில் நடக்கும், காலைக் கஞ்சி முடிந்ததும்.

“முதல் வாக்கியம் யார் சொல்றீங்க?” என்றார் ஐயா.

அவரவர் மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தார்கள். காளியாயி விதைப்பூண்டைப் பல் பிரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“யாரையும் போன்னு சொல்லக்கூடாது. மொதல்ல அதைப் போடுங்க.”

“அவ்வளவுதானாம்மா?”

“அது போதாதுங்களா? போன்னு சொல்ல ஆளில்லாத எடம் வேணும்னுதானே எல்லாரும் இங்க வந்து கெடக்கோம். நான் கொழுந்தனுக்குப் பயந்து வந்தேன். இந்தத் தம்பி வாழப்பழத்துக்குப் பயந்து வந்துச்சு.”

சிரித்தார்கள். ஒன்பது கைகளும் உயர்ந்தன. சேனாதிபதி எழுதி வாசித்தான்: ‘இங்கே உழைக்கும் எவரையும் எவரும் வெளியேற்றலாகாது.’

“உழைக்கும்னு நான் சொல்லலியே தம்பி.”

“இல்லைன்னா சும்மா இருக்கறவங்க வந்து ஒட்டிக்குவாங்கம்மா.”

“அதுஞ் சரிதான்.”

அடுத்த வாரம் சண்முகசுந்தரி எழுந்தார். ஆசிரியப் பயிற்சி முடித்தவர். எதையும் இரண்டாம் முறை படிக்கிறவர். “காய்ச்சல்ல படுத்துட்டா? உழைக்க முடியாதவங்களை அனுப்பிடலாம்னு அர்த்தமா, தம்பி?” நியாயம். ‘இங்கே வாழும் எவரையும்’ என்று மாற்றினான். அதற்கடுத்த வாரம் கம்பளியோடு ஒரு பரதேசி வந்தார். பதினோரு நாள் சாப்பிட்டார். போகச் சொன்னபோது, நானும் இங்கேதானே வாழ்கிறேன் என்றார். ‘வாழும்’ போயிற்று. ‘இதில் கையெழுத்திட்ட எவரையும்’ வந்தது.

ஒவ்வொரு திருத்தமும் நல்ல எண்ணத்தில் நடந்தது.

[நல்ல எண்ணம் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.]

காளியாயி எல்லாத் திருத்தத்துக்கும் கை தூக்கினார். அது இன்னும் தன்னுடைய வாக்கியம் என்றே நினைத்தார். வரப்பில் நின்று திருமலைச்சாமி கேலி செய்வான்.

“என்ன மதினி, காயிதம் முடிஞ்சுச்சா? நாங்க பூண்டு நட்டு, புடுங்கி, குதிரையில ஏத்தி வித்துட்டே வந்துட்டோம்.”

“ஏலே, ஒனக்கு என்ன அவசரம்? முடிஞ்சதும் மொதல்ல ஒனக்குத்தான் வாசிச்சுக் காட்டச் சொல்லப் போறேன், இங்க எடம் கெடையாதுன்னு.”

4

நான்காவது வாக்கியம் ஐயாவுடையது. ‘இம்மண்ணில் எவ்வுயிரையும் கொல்லோம்.’

எட்டுக் கைகள் உயர்ந்தன. காளியாயியின் கை மடியில் இருந்தது.

“என்னம்மா?”

“நடவுக்கு முன்னால காட்டுத் தலமேட்டுல இருக்கற சாமிக்கல்லுக்கு ஒரு சேவல் அறுக்கணுங்க.”

“அது பழைய வழக்கம்மா.”

“காடும் பழசுதானுங்களே.”

ஐயா அரைமணி நேரம் விளக்கினார். உயிர் என்றால் என்ன, கருணை என்றால் என்ன. காளியாயி கடைசிவரை கேட்டார்.

“நீங்க சொல்றது நல்லாத்தானுங்க ஐயா இருக்கு. நான் கை தூக்க மாட்டேன்னுதான் சொல்றேன்.”

வாக்கியம் விழுந்தது. அடுத்த வாரம் மறுபடி வந்தது, மறுபடி விழுந்தது. இப்படி ஐந்து மாதம். ஐயா கோபப்படவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். ஐயாவுக்கு வயிறு சரியில்லை போல என்று காளியாயி சுக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஐப்பசியில் சேனாதிபதி தன் வாக்கியத்தைக் கொண்டுவந்தான். ‘இங்கே எவரும் கைநாட்டு வைப்பதில்லை.’ கைநாட்டு மனிதனுக்கு அவமானம் என்றான். வாசகம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கொட்டகையில் கைநாட்டு வைக்கிறவர் ஒருவர்தான் இருந்தார். அவரும் தட்டினார்.

“அப்ப எனக்கு எழுதச் சொல்லித் தருவீங்களா தம்பி?”

“நானே தர்றேம்மா.”

அதே கூட்டத்தில் இன்னொரு வாக்கியமும் ஏறியது: கையெழுத்து நாளிலிருந்து, கையெழுத்திட்டவர்களே கை தூக்கலாம். அதற்கும் காளியாயி கை தூக்கினார். தான் கையெழுத்துப் போடப்போகிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. நாள் குறித்தார்கள். வருகிற சித்திரை ஒன்று.

5

இந்தப் பகுதி முந்தைய மூன்று பிரதிகளில் இல்லை.

நான்கு எழுத்து. கா, ளி, யா, யி. மாலையில் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டுக் காளியாயி பலகை முன் உட்காருவார். காப்புக் காய்த்த விரலுக்குள் பலகைக்குச்சி நிற்காது. மாசி முடிவதற்குள் கா வந்துவிட்டது. ளியும் வந்துவிட்டது. மீதி இரண்டுக்கு ஒரு வாரம் போதும்.

ஐயா ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். “காளியாயி எதுவரைக்கும் வந்திருக்காங்கப்பா?”

“பாதி வந்துட்டாங்க ஐயா.”

“அவசரப்படுத்தாதே. நிதானமாப் போகட்டும்.”

அவ்வளவுதான். நூல் அறவில்லை.

[இங்கே, ‘ஐயா சொன்னதன் பொருள் சேனாதிபதிக்கு அப்போது புரியவில்லை’ என்று ஒரு வாக்கியம் எழுதினேன். அடித்துவிட்டேன். புரிந்தது.]

மறுநாள் அவன் பலகையை எடுக்கவில்லை. காளியாயி வந்து உட்கார்ந்தார்.

“இன்னிக்கு வேலை இருக்கும்மா.”

அதற்கு மறுநாள் தலைவலி. பிறகு கிழங்கு ஏற்ற வேண்டும். பிறகு கோடைக்கானல் போக வேண்டும். பங்குனி முழுக்க அவனுக்கு ஏதாவது ஒரு சோலி இருந்தது.

“ரெண்டெழுத்துதானே தம்பி. வெரசா ஆயிரும்ல?”

“நாளைக்கு.”

வேறு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருவர் பொறுப்பில் இன்னொருவர் தலையிடுவதில்லை என்பது எங்கள் ஆறாவது வாக்கியம். காளியாயி தானாகவே அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிப் பார்த்தார். காளி. காளி. காளி. சுவர் முழுக்க. அதற்குமேல் அவருக்குத் தெரியாது. சேனாதிபதி அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கஞ்சி குடித்தான்.

6

சித்திரை ஒன்று. எட்டுப் பேர் கையெழுத்திட்டார்கள். காளியாயி பேனாவை வாங்கி இரண்டு எழுத்தை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“இது போதுங்களா?”

“பாதிப் பேரை வாங்கிக்கறது உங்களை அவமானப்படுத்தற மாதிரி ஆயிரும்மா,” என்றார் ஐயா. உண்மையாகவே வருத்தத்தோடு சொன்னார். “முழுசாக் கத்துக்கிட்டு அடுத்த வருஷம் போடுங்க. எங்க ஓடிப் போகுது?”

அந்த இரண்டு எழுத்து இல்லாமல் தாளை மறுபடி சுத்தமாக எழுதினான் சேனாதிபதி. நான்காவது வாக்கியம் கூட்டத்தில் வைக்கப்பட்டது. எட்டுக் கைகள். நிறைவேறியது.

“நான் தூக்கலியே?” என்றார் காளியாயி.

“கையெழுத்துப் போட்டவங்க மட்டும்தாம்மா.”

சண்முகசுந்தரி தரையைப் பார்த்தார்.

ஐப்பசி நடவுக்கு முன் காளியாயி தலைமேட்டுக் கல்லில் சேவலை அறுத்தார். பட்டப்பகலில், மறைக்காமல். மறுநாள் காலை கூட்டம். அவரைக் குடியிருப்பிலிருந்து போகச் சொல்லலாமா என்று கேள்வி. முதலில் ஐயாவின் கை உயர்ந்தது. பிறகு ஆறு கைகள், சண்முகசுந்தரியுடையது உட்பட. ஏழு. ஒன்று பாக்கி. அது இறங்கியே இருந்தால் காளியாயி இருப்பார்.

[முதல் பிரதி: சேனாதிபதி கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீர்மானம் விழுந்தது.]

[இரண்டாம் பிரதி: சேனாதிபதி எழுந்து பேசினான். பேச்சு ஒன்றேகால் பக்கம்.]

[மூன்றாம் பிரதி: சேனாதிபதிக்கு அன்று காய்ச்சல். கூட்டத்திலேயே இல்லை.]

கை தூக்கினான். கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தைப் பல வருடம் எனக்கு ஆதரவான சாட்சியாக வைத்திருந்தேன்.

“மொத வாக்கியம் நான் சொன்னதுதானே தம்பி,” என்றார் காளியாயி. “அதைக் கொஞ்சம் வாசிங்க.”

வாசித்தான்.

“நல்லா இருக்கு.” எழுந்தார். “விதைப்பூண்டைப் பல் பிரிச்சு வச்சுட்டேன். கெடந்தா வீணாப் போயிரும். நட்டுட்டுப் போயிர்றேன்.”

பொழுது சாய்வதற்குள் மீதி வரிசைகளை நட்டுவிட்டுப் போனார். யாரும் உதவிக்குப் போகவில்லை.

7

இனி சேனாதிபதி வேண்டாம்.

குடியிருப்பு அதன்பிறகு மூன்று வருடம் இருந்தது. வாசகத்தை ஐந்நூறு பிரதி அச்சடித்தோம். ஐயா காலமானார். ஒவ்வொருவராகக் கீழே இறங்கினோம். நிலம் குடியிருப்புச் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டார் ஒருவர் குத்தகைக்கு எடுத்துப் பேரி வைத்திருக்கிறார். நான் பழனியில் தமிழாசிரியர்.

சென்ற மாதம் இந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு போளூர் போனேன். காளியாயி திருமலைச்சாமி வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டிலை ஒட்டிய அறையில் இருக்கிறார். தன் காட்டிலேயே கூலிக்குப் பேரிக்காய் பறிக்கிறார்.

“வாங்க தம்பி. நரைச்சுருச்சே,” என்றார். சாக்குத் தைத்துக்கொண்டே கேட்டார். நான் வாசித்தேன். மூன்றாம் பகுதியில் திருமலைச்சாமியின் பேச்சு வந்தபோது சிரித்தார். ஆறாம் பகுதியில் ஊசியை நிறுத்தினார்.

“இதுல நான் போறேனா, இருக்கேனா?”

“போறீங்கம்மா.”

“அப்ப எதுக்கு எழுதுனீங்க?”

“நடந்தது அதுதானேம்மா.”

“நடந்தது எனக்குத் தெரியும்ல. எனக்குத் தெரியாதது ஏதாச்சும் இருந்தா வாசிங்க.”

ஐந்தாம் பகுதியை வாசிக்காமல் தாண்டியிருந்தேன். அந்தத் தாள்கள் முழங்காலுக்குக் கீழே இருந்தன.

“அவ்வளவுதாம்மா,” என்றேன்.

அவர் மறுபடி தைக்கத் தொடங்கினார்.

“எல்லாம் என் மண்டையில ஏறாத கோளாறு தம்பி. ரெண்டெழுத்து. நீங்களும் அத்தனை சோலிக்கு நடுவுல சொல்லிக் குடுத்தீங்க. நான் வெள்ளனே படிச்சிருந்தா காடு இருந்திருக்கும். யாரைச் சொல்லி என்ன?”

8

முடிவுகள்:

அன்றே ஐந்தாம் பகுதியை எடுத்து வாசிக்கிறேன். காளியாயி என் முகத்தில் சாக்கை எறிகிறார்.

வாசிக்கிறேன். சாக்கைத் தைத்து முடித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்.

வாசிக்கிறேன். அவர்

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ஏதோ ஒரு வகையில் என்னை மன்னித்துவிடுகிறார். நான் எழுதினால் அப்படித்தான் வருகிறது. ஆகவே நிறுத்திவிட்டேன்.

மற்றவர்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். காளியாயியின் பெயரை மாற்றவில்லை. பகலில் பேரித் தோட்டத்தில் இருப்பார். தன் மண்டையைக் குறை சொல்லிக்கொண்டு பத்து வருடமாக இருக்கிறார். உங்களுக்கு வாசிக்கத் தெரியும். ஐந்தாம் பகுதியைச் சத்தமாக வாசிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நானும் போவேன். அரைப் பரீட்சைத் தாள் திருத்தி முடிக்க வேண்டும். அதற்குள் நீங்கள் போய் வந்துவிட்டால், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம்.