ஈரக் கல்

பிக்கப்பின் பின்தொட்டிக்கு எந்த விரிப்பு நல்லது என்று கடைக்காரர் சிக்கந்தர், ராசப்பனிடமே விளக்கிக்கொண்டிருந்தார். வண்டி அன்புக்கரசியின் பெயரில் இருந்தது, ஓட்டுவதும் அவள்தான். கணவனைப் போத்தனூர்க் கடைக்குக் கூட்டி வந்ததும் அவளே.

"இந்த பிளாஸ்டிக் தட்டு போடுங்கண்ணா. எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க."

ராசப்பன் அதன் பளபளப்பைத் தடவினான். "புது வண்டியாட்டம் இருக்கும். போட்டரலாமா அன்பு?"

அவள் கிரைண்டர் கல் தீட்டும் பட்டறையில் பதினோரு வருடம் நின்றவள். நாளை அங்கிருந்து நாற்பது கற்களை ஏற்றி அவிநாசியில் ஒரு கம்பெனிக்குக் கொண்டுபோக வேண்டும். அவளுடைய முதல் லோடு. ஒரு கல்லின் விளிம்பு பெயர்ந்தாலும் அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. 'பொம்பளகிட்டக் குடுத்தா இப்படித்தான்' என்று ஒரு வாய் சொல்லிவிட்டால், பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும்.

வண்டிக்குள்ளிருந்து ஒரு கல்லையும் தூக்குப்போசியையும் எடுத்து வந்தாள்.

"கல்லெதுக்குங்கக்கா?" சிக்கந்தர் சிரித்தபடி அதை வாங்கி பிளாஸ்டிக் தட்டில் வைத்துச் சாய்த்தார். "பாருங்க, அசையுதா?"

"காஞ்ச கல்லுங்க அது. பட்டறையில ஆரு காயறவரைக்கும் காத்திருக்கறாங்க? தீட்டுன ஈரத்தோடவே ஏத்திப்போடுவோம்."

பட்டறையிலிருந்து போசியில் கொண்டுவந்த கல்மாவுச் சேற்றைத் தட்டில் ஊற்றினாள். இம்முறை சாய்த்த வேகத்தில் கல் வழுக்கிப் பாய்ந்தது. ராசப்பன் துள்ளி விலகினான்.

"என்ற காலு போயிருக்கும்டி!"

"கல்லு போயிருந்தா?" என்றாள்.

அடுத்து, சொரசொரப்பான பூச்சு அடித்த தகடு. கல் நின்றது, ஆனால் அடிப்பக்கம் முழுக்கக் கீறல். அவள் பார்வை, கடையின் மூலையில் தூசி படிந்து கிடந்த ரப்பர் சுருளில் நின்றது.

"அது மாட்டுக் கொட்டாயில விரிக்கறதுங்கக்கா!"

"அத்தன பெரிய மாடே மூத்தரத்துல வழுக்காம நிக்குது. கல்லு நிக்காதுங்களா?"

சேற்றை ஊற்றிச் சாய்த்தார்கள். கல் நின்றது. இன்னும் சாய்த்தார்கள். அப்போதும் நின்றது. "அளவெடுக்கட்டுங்களாக்கா?" என்று சிக்கந்தர் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

மறுநாள் அவிநாசியில் சூப்பர்வைசர் ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தடவினார். நாற்பதாவது கல் வரை அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே கூட நடந்தாள்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துருங்கம்மா."

கற்களை இறக்கியதும் தொட்டியைக் கழுவுவதற்கு ராசப்பன் அங்கிருந்த தண்ணீர் ஹோஸை இழுத்து வந்தான்.

"செத்த இருங்க."

அவள் தொட்டியில் ஏறினாள். கறுப்பு ரப்பரில் கற்கள் நின்ற இடங்களில் நாற்பது சாம்பல் வட்டங்கள் ஈரம் உலராமல் இருந்தன. ஒன்றுகூட இழுபடவில்லை.