கெஸ்பேயின் சட்டை

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியாக முடிந்திருக்க வேண்டியது. குல்யாஷ் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்: தன் மகளுக்கு அனுப்ப ஒரு வரி. கைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எழுதத் தெரியாதவள் இல்லை. சுரங்கத் தொழிலாளர் உணவகத்தில் முப்பது வருடம் சமைத்தவள். அன்றன்றைய சாப்பாட்டைக் கரும்பலகையில் அவளேதான் எழுதிப் போடுவாள். இந்த ஒரு வரி மட்டும் அவளுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. அது வராததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(நேரில் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது 'அவள்' வந்துவிடுகிறது. 'அவர்' என்று மாற்றிப் பார்த்தேன்; ஏதோ அலுவலகத்தில் சந்தித்த பெண்மணி போல ஆகிவிட்டாள்.)

2

முதல் தொடக்கம்: "கராகந்தியில் அந்தக் குளிர்காலம்..." வேண்டாம். குளிரில் தொடங்கும் கதைகளை நிறையப் படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் பனி வெள்ளையாகப் பெய்கிறது. இந்தச் சுரங்க ஊரில், எங்கள் தெருவில் அது நிலக்கரித் தூசி படிந்து சாம்பலாகக் கிடக்கிறது.

இரண்டாவது: "பாம்பின் கண்கள் வெளுத்த அன்று குல்யாஷ்..." இது தேறும். ஆனால் பாம்பு யாருடையது என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, சுற்றிவளைக்காமல்: குல்யாஷின் மகள் ஜனார் ஒன்றரை வருடத்துக்கு முன் கொரியாவுக்கு வேலைக்குப் போனாள். தான் வளர்த்த பாம்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். ஆரஞ்சு நிறம், விஷமில்லாதது, ஒரு கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல். பெயர் கெஸ்பே. குல்யாஷ் மாவைத் தேய்த்துக் கத்தியால் நீள நீளமாக வெட்டிக் கொதிக்கும் சாற்றில் போடுவாளே, அதன் பெயரும் கெஸ்பேதான். அம்மாவைச் சீண்டத்தான் அப்படி வைத்தாள். பாம்பு வந்த அன்று குல்யாஷ் ஊர் வழக்கப்படி அதன் தலையில் ஒரு கரண்டிப் பால் ஊற்றி வாசலைக் காட்டினாள். வீட்டுக்குள் வந்த பாம்பை இங்கே அப்படித்தான் மரியாதையாக வழியனுப்புவார்கள். இது போகவில்லை. ஜனார் திட்டிக்கொண்டே அதைக் கழுவினாள்.

இப்போது ஜனார் அம்மாவோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு செய்தி வரும்: "கெஸ்பே எப்படி இருக்கு?" குல்யாஷ் ஒரு படம் அனுப்புவாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல். பாம்பு இருக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை இருக்கும் என்பது குல்யாஷுக்குத் தெரியும். இந்தக் கதையில் பறிபோகக்கூடியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதை ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை.

3

ஜனார் ஏன் பேசுவதில்லை என்பதற்கு ஒரு ரொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தூரம் போகிறவர் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். மிச்சத்தைத் துணியில் சுற்றி வைப்பார்கள், திரும்பி வந்து அவரே தின்று முடிக்க. குல்யாஷின் அண்ணன் பட்டாளத்துக்குப் போனபோது கடித்த ரொட்டி இரண்டு வருடம் காத்திருந்தது. வந்ததும் டீயில் ஊறவைத்துத் தின்றார்.

ஜனாரின் காதில் ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டார் தோடு போட்டுவிட்டுப் போனார்கள். தோடு போட்டால் கல்யாணம் பேசி முடித்தாயிற்று என்று அர்த்தம். ஜனாரை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் அறைக்குள் கிடந்தாள். குல்யாஷ் தட்டோடு கதவுக்கு வெளியே நின்று, "ரெண்டு வாய், எனக்காக ரெண்டு வாய்" என்று காலையும் மாலையும் கெஞ்சினாள். தோட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டாள். பன்னிரண்டாம் நாள் ஜனார் பெட்டியோடு வெளியே வந்தாள். குல்யாஷ் ரொட்டியை நீட்டினாள். ஜனார் கடிக்கவில்லை. தோடுகளைக் கழற்றி ரொட்டியின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த ரொட்டி பீங்கான் பாத்திர அலமாரியில் இருக்கிறது. கல்லாகிவிட்டது. முழுசாக இருக்கிறது.*

* இந்த இடத்தில் பாம்பையும் மகளையும் ஒப்பிட்டு ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே இருந்தது. குல்யாஷிடம் சொல்லிப் பார்த்தேன். "பாம்பு பாம்பு. என் பொண்ணு என் பொண்ணு. உனக்குப் பசி, அதான் என்னென்னமோ தோணுது" என்றாள். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

4

ஜனவரியில் கெஸ்பேயின் கண்கள் வெளுத்தன, யாரோ உள்ளேயிருந்து பாலை ஊற்றியது போல. உடம்பின் நிறம் மங்கியது. கண்ணாடிப் பெட்டியில் ஜனார் ஒட்டிவிட்டுப் போன தாள் இருந்தது: "கண் வெளுத்தால் எலி கொடுக்க வேண்டாம். சட்டை முழுதும் உரியும்வரை வேண்டாம். தண்ணீர் மட்டும் தெளிக்கவும்."

குல்யாஷ் அதைத் தினமும் படித்தாள், தினமும் தண்ணீர் தெளித்தாள். வீட்டைச் சூடாக்கச் சுவரோரம் வெந்நீர்க் குழாய்கள் ஓயாமல் கொதிக்கும் இடத்தில் அந்த ஈரம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. சில நாளில் கண் லேசாகத் தெளிந்தது. சட்டை வரவில்லை. தாடையருகே கொஞ்சம் கிழிந்து, அங்கேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டு என்ற எண்ணை அவள் விரலில் எண்ணிப் பார்த்ததை நான்...

[இந்த வாக்கியம் வேண்டாம்.]

எதிர் வீட்டு லாரிசா வந்தபோது குல்யாஷ் அவளைப் பெட்டியருகே கூட்டிப்போனாள்.

"பழைய துணியக் கழட்டுதே, எங்கேயோ கிளம்புது போல. கிளம்புறவங்க வாயில ஒண்ணும் படாம போகலாமா?"

"பசிச்சா திங்கும், இல்லன்னா விட்டுடும். குடுங்க அத்தை" என்றாள் லாரிசா.

கெஸ்பேக்கென்று குளிர்பெட்டியில் உறையவைத்திருந்த எலிகளில் இருப்பதிலேயே பெரியதைக் குல்யாஷ் எடுத்து வெந்நீரில் இளக்கினாள். கெஸ்பே தின்றது. அவள் முகம் அன்று எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் திராணி இல்லை. தாளைப் பார்த்துச் சிரித்தாள். "காகிதத்துக்கு என்ன தெரியும் பசியப் பத்தி?"

மூன்றாம் நாள் அது வாந்தி எடுத்தது. அவளுடைய உணவகத்தில் வாந்தி எடுத்தவனைக் காலி வயிற்றோடு சுரங்கத்துக்குள் இறங்க விடமாட்டாள். அன்று மாலையே இன்னொன்று கொடுத்தாள். அதுவும் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை காலை கெஸ்பே தண்ணீர்த் தொட்டியில் தலையை வைத்துக் கிடந்தது. சட்டை பாதி உடம்பில் அப்படியே இருந்தது.

5

எதிர் வீட்டில் லாரிசா என்று யாரும் இல்லை.

ஜனாரின் அறையில் குடியிருப்பது நான். மருத்துவம் மூன்றாம் வருடம். குல்யாஷ் கதவருகே வந்து நின்று கேட்டது என்னைத்தான். "அரை டாக்டரே, நீ சொல்லு. குடுக்கலாமா?" நான் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவலில் இருந்தேன். அதில் வேறொரு நாட்டில் ஒருவன் செத்துக்கொண்டிருந்தான். அவனுக்காக என் கண் நிறைந்திருந்தது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், குடுங்க அத்தை என்றேன். ஜனாரின் தாள் என் கையெட்டும் தூரத்தில் ஒட்டியிருந்தது.

மூன்று பிரதிகளில் லாரிசாவைக் காப்பாற்றினேன். அவளுக்கு ஒரு பச்சை ஸ்வெட்டர்கூடப் போட்டுவிட்டேன்.

6

முடிவுகள்.

அ) கெஸ்பே பிழைக்கிறது. சட்டை காலுறை போல ஒரே உரிப்பில் முழுசாக வருகிறது. (படிக்க நன்றாக இருக்கும். அதற்குமேல் ஒன்றுமில்லை.)

ஆ) குல்யாஷ் உண்மையைச் சொல்கிறாள், ஜனார் அழுகிறாள், இருவரும் பேசத் தொடங்குகிறார்கள். இதை எழுதி முடித்துவிட்டு நானே அழுதேன். என்னை அழவைக்கிற எதையும் நம்பக் கூடாது என்று இந்த மாதம்தான் கற்றுக்கொண்டேன்.

இ) தலையில் பால் ஊற்றிப் புதைக்கிறாள். முடியாது. ஏப்ரல்வரை மண்ணில் மண்வெட்டி இறங்காது. கெஸ்பே இப்போது குளிர்பெட்டியில் இருக்கிறது, ஒரு ரொட்டிப் பையில், குளிர்காலத்துக்கென்று வெட்டி வைத்த குதிரைக் கறிக்கும் மிச்சமிருக்கும் இரண்டு எலிகளுக்கும் நடுவே. பாலைப் பற்றிக் கேட்டேன். அது உயிரோடு போகிற பாம்புக்கு என்றாள்.

நடந்தது இது. இன்று ஞாயிறு. மதியம் வழக்கமான கேள்வி வந்தது. குல்யாஷ் ஆகஸ்டில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினாள். கட்டைவிரல் வரவில்லை. எழுத்து வந்தது:

"கண்ணு நல்லாத் தெளிஞ்சிடுச்சே. சட்டை முழுசா வந்துச்சா? தூக்கிப் போட்டுடாதீங்கம்மா. எனக்கு வேணும்."

குல்யாஷ் அதை ஐந்தாறு முறை படித்தாள். "அம்மான்னு போட்டிருக்கா" என்றாள். போய் அலமாரியைத் திறந்து, அந்த ரொட்டியைப் பார்த்துவிட்டு மூடினாள். பிறகுதான் கைபேசியை என்னிடம் கொடுத்தாள்.

"உயிரோட இருக்குன்னு எழுதாத. செத்துடுச்சுன்னும் எழுதாத. கதை எழுதுற ஆளுதானே நீ. நடுவுல ஏதாவது மிச்சம் இருக்கும்ல, அதுல ஒரு வரி எழுது."

7

தேடிப் பார்த்துவிட்டேன். நடுவில் மிச்சம் இல்லை. படித்த அத்தனை புத்தகங்களிலும் அது இருக்கிறது, பக்கம் பக்கமாக. கையில் கைபேசியோடு உட்கார்ந்தால் இல்லை.

'ஜனார், கெஸ்பே' என்று அடிக்கிறேன். அழிக்கிறேன். மறுபடி அடிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவளுடைய திரையில் 'அம்மா எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று தெரியும், பக்கத்தில் மூன்று புள்ளிகள் துள்ளும். அவள் அங்கே காத்திருக்கிறாள் என்பது எனக்கு இங்கே தெரிகிறது. ஒன்றரை வருடத்தில் அம்மாவும் மகளும் இவ்வளவு நேரம் ஒன்றாக இருந்ததில்லை. நான் அனுப்பினாலும் அது முடிந்துவிடும், நிறுத்தினாலும் முடிந்துவிடும்.

அடுப்படியில் கத்தி பலகையில் ஓடுகிறது, ஒரே சீராக, மாவை வெட்டிக்கொண்டு. குல்யாஷ் அங்கிருந்தே கூப்பிடுகிறாள்.

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எழுதேன்."

நான் எழுந்து போனால் புள்ளிகள் நின்றுவிடும். நான் வரும்வரை இந்தக் கைபேசியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். எதையும் அனுப்ப வேண்டாம். எழுதிக்கொண்டும் அழித்துக்கொண்டும் மட்டும் இருங்கள்.

ஜனார், கெஸ்பே