நானூறு பேர் ஜெபித்த ரகசியம்

லோயிஸுக்குக் கடிதம் எழுத வரும். எல்லாருக்கும் வாய்க்காத திறமை அது. அவளுக்கு வாய்த்தது, அதுவே கடைசியில் வினையாகவும் முடிந்தது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில், கிர்கிஸ்தானின் நாரின் நகரத்து வீடொன்றின் சமையலறையில், கரியடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கனடாவில் இருக்கும் தன் சபைக்கு ஜெபக் கடிதம் எழுதுவாள். ஊழியத்துக்கென்று வெளிநாடு வந்தவர்கள் எல்லாரும் எழுதுவதுதான். மேலே நன்றி சொல்ல மூன்று காரியம், கீழே ஜெபிக்க மூன்று காரியம். சபையில் நானூறு பேர் வாசிப்பார்கள். பனி கொட்டுகிறது, பிள்ளைகள் நலம் என்று எழுதினால் ஒருவரும் பதில் போடமாட்டார்கள். கொஞ்சம் கண்ணீர் இருந்தால் போடுவார்கள். இதை லோயிஸ் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள்.

அவளுக்கு வேலை, கைகால் சரியாக வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது. சபைகள் சேர்ந்து நடத்தும் பகல் மையம், பதினெட்டுப் பிள்ளைகள். தங்கியிருந்தது பூருல் வீட்டில். பூருல் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. நாற்பத்தைந்து வயது, தெருமுனை வரை கேட்கும் குரல். ஒரே மகள் மீரிம், தையற்கடையில் வேலை. கணவன் குபாத் ருஷ்யாவின் வடகோடியில் சுரங்க வேலையில் இருக்கிறான், அங்கே போன் எடுக்காது என்பது தெரு முழுக்கத் தெரிந்த சேதி.

அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பூருல், இன்னொருத்தி குபாத்தின் அக்கா ஜிபார். அக்டோபரில் ஒரு மத்தியானம் மூன்றாவதாக லோயிஸும் சேர்ந்தாள். பூருல் போர்சோக் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தாள். லோயிஸ் மாவைத் துண்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு சுரங்கத்துலயும் இல்ல, ஒரு மண்ணுலயும் இல்ல," என்றாள் பூருல், எண்ணெயைப் பார்த்துக்கொண்டே. "ஜெயில்ல இருக்காரு. கட்டட வேலை பாத்த எடத்துல அடிதடி. ஒருத்தன் செத்துட்டான். இன்னும் மூணு வருஷம்."

லோயிஸ் மாவுக் கத்தியைக் கீழே வைத்தாள். "மீரிமுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது. கல்யாணம் முடியட்டும், நானே சொல்லுவேன். என் வாயால, என் மடியில படுத்துக்கிட்டு அவ கேக்கணும். ஊராமூட்டு வாயால கேக்கக் கூடாது." பொரிந்ததை அள்ளித் துணியில் கொட்டினாள். "உங்கிட்ட சொன்னது இந்த அடுப்புல போட்ட மாதிரி. சரியா?"

"சரிக்கா," என்றாள் லோயிஸ். மனசாரத்தான் சொன்னாள்.

ஆனால் அவள் வளர்ந்த இடத்தில், ஜெபிக்கச் சொல்லிக் கேட்பது வெளியே சொல்வதில் சேர்த்தி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி புருஷனோடு சண்டை போட்டாள் என்றால் அது புறணி. அவளுக்காக ஜெபியுங்கள், புருஷனோடு சண்டை என்றால் அது அன்பு. இப்படிக் கேட்டே வளர்ந்தவள். அந்த மாதம் அடுப்படியில் உட்கார்ந்து எழுதினாள்: "நான் தங்கியிருக்கும் வீட்டு பி. அக்காவுக்காக ஜெபியுங்கள். கணவர் ருஷ்யாவில் சிறையில் இருக்கிறார். மகளுக்குக்கூடத் தெரியாது. இந்தச் சுமையைத் தனியே சுமக்கிறாள்."

பெயரின் முதல் எழுத்தை மட்டும் போடு என்பது அவர்கள் வழக்கம். விதியைக் கடைப்பிடித்த திருப்தியோடு அனுப்பினாள். நாரினிலேயே ஒரே ஒரு கனடாக்காரிதான் இருக்கிறாள், அவள் யார் வீட்டில் இருக்கிறாள் என்பது தெருநாய்க்கும் தெரியும் என்பது அந்தப் படித்த மண்டையில் ஏறவில்லை. இருபத்தேழு பதில்கள் வந்தன. அவள் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் அத்தனை வந்ததில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தாள்.

ஜனவரியில் மீரிமுக்குத் தோடு போட வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சாய்ரா தன் கையாலேயே மீரிமின் காதில் வெள்ளித் தோட்டை மாட்டினாள். இனி அந்தப் பெண் அவர்கள் வீட்டுப் பெண். விரிப்பில் இறைச்சியும் ரொட்டியும் பாலாடையுமாக நிறைந்திருந்தது. நாமும் ஒரு வேலை செய்வோமே என்று லோயிஸ் தேநீர்க் குடுவையை எடுத்து, சாய்ராவின் கிண்ணத்தில் விளிம்பு தளும்ப ஊற்றிவிட்டாள்.

"அடிப்பாவி!" என்று பூருல் தலையில் கைவைத்தாள். "சம்பந்தியம்மாவை எந்திரிச்சு வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டியேடி! அரைக் கிண்ணம் ஊத்துனா, இன்னும் இரு, மறுபடி ஊத்தித் தாரேன்னு அர்த்தம். முழுசா ஊத்துனா, குடிச்சிட்டு நடையக் கட்டுன்னு அர்த்தம். ஒரு வருஷமா என் வீட்டு டீயக் குடிக்கிற, இதுகூடவா தெரியல?"

"நீங்க ஊத்துறதெல்லாம் அரைக் கிண்ணம்தான்க்கா. நான் கஞ்சத்தனம்னு நெனச்சேன்," என்றாள் லோயிஸ் பாவமாக. சாய்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். மீரிம் தோடு ஆட ஆடச் சிரித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த சந்தோஷத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று லோயிஸ் நினைத்தாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாய்ரா தனியாக வந்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை.

"தோட்டைக் குடுத்துருங்க," என்றாள். "ஜெயிலுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க என்ன அரக்கனுங்களா? மனுசனுக்கு வர்ற கஷ்டம்தானேன்னு இருந்திருப்போம். சுரங்கம் சுரங்கம்னு எங்களுக்குக் கதை சொல்லி உக்கார வச்சு சோறு போட்டீங்களே, அதைத்தான் பொறுக்க முடியல."

"யாரு சொன்னா உங்களுக்கு?" பூருலின் குரல் முதல்முறையாகத் தெருமுனையை எட்டவில்லை.

"யாரு சொன்னா என்ன? உங்க வீட்டுக்குள்ள இருந்தே வந்த சேதிதான்."

மீரிம் தானே தோட்டைக் கழற்றினாள். இடது காதில் கொக்கி மாட்டிக்கொண்டது. யாரும் உதவிக்குப் போகவில்லை. இழுத்துக் கழற்றி சாய்ராவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா ஜெயில்லயா இருக்காரு?"

அன்று மத்தியானமே பூருல் வாசலில் நின்று ஜிபாரைக் கிழித்துத் தொங்கவிட்டாள். ஜிபார் தலைத்துண்டை முறுக்கிக்கொண்டு, "சத்தியமா நான் யாருகிட்டயும் மூச்சு விடல பூருல், அவன் என் தம்பிடி," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"வேற யாருக்குத் தெரியும்? லோயிஸுக்கு இந்த ஊர்ல பேச யாரு இருக்கா? இன்னிக்கி வரைக்கும் அண்ணின்னு கூப்பிட்டேன். இனிமே இந்த வாசப்படி மிதிக்காத!"

ஜன்னலருகே நின்ற லோயிஸ் வெடுக்கென்று திரையை இழுத்துவிட்டாள். ஜிபார் மேல் வந்த கோபம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சபைச் செயலாளர் அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. குதூகலமான கடிதம். "உன் அக்டோபர் கடிதத்தை நம் இணையப் பக்கத்தில் போட்டிருந்தோம் அல்லவா? இங்கே படிக்க வந்திருக்கும் ஒரு கிர்கிஸ் பையன் அதைப் பார்த்துவிட்டுப் பேசினான்! நீ இருக்கும் வீட்டில்தான் அவன் பெரியம்மா சம்பந்தம் செய்கிறாளாம்! கர்த்தர் உலகத்தை எவ்வளவு சின்னதாக வைத்திருக்கிறார்!"

லோயிஸ் மையத்துக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தானே காட்டிக்கொடுத்தவள். அதைவிட மோசம், அந்த இருபத்தேழு பதில்களை இரண்டு தடவை வாசித்தவள்.

மையத்தின் பொறுப்பாளர் வாரனிடம் போய்ச் சொன்னாள். பதினோரு வருஷமாக நாரினில் இருக்கும் மனிதர், நல்லவர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இப்ப வாயைத் திறக்காதம்மா. வெளிநாட்டுக்காரங்க நம்ம வீட்டு விஷயத்தை ஊர் ஊரா எழுதுறாங்கன்னு ஒரு பேச்சு கிளம்பினா, மையத்தோட அனுமதி போயிரும். பதினெட்டுப் பிள்ளைங்களை யோசி."

"அப்ப ஜிபார் அக்கா?"

"பொறு. சொந்தக்காரங்க, நாளைக்கே சேர்ந்துக்குவாங்க. இந்த வாரக் கூட்டத்துல ஜெபக் குறிப்புல வச்சுக்கலாம். பேரு வேணாம், முதல் எழுத்து மட்டும் போடுவோம்."

லோயிஸுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வந்திருந்தால் நிறுத்தியிருக்க முடியாது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அந்த நியாயம் அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதினோரு நாளும் பூருல் அவளைத் தங்கம் போலப் பார்த்துக்கொண்டாள். மீரிம் அம்மாவோடு பேசுவதை விட்டுவிட்டாள், அறைக்குள்ளேயே சாப்பிட்டாள். பேச்சுத் துணைக்கு லோயிஸ்தான். தினமும் காலையில் அரைக் கிண்ணம், அதன்மேல் அரைக் கிண்ணம், "குடி தங்கச்சி, நீயும் இல்லைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். லோயிஸ் தலையைக் குனிந்து குடித்தாள். கெட்டவள் என்று திட்டியிருந்தால்கூட நிம்மதியாக விழுங்கியிருப்பாள்.

பன்னிரண்டாம் நாள் ஜிபார் மையத்துக்கு வந்தாள். கையில் துணியில் சுற்றிய பொட்டலம். ஆட்டுரோமத்தில் பின்னிய கையில்லாத சட்டை.

"தம்பிக்கு," என்றாள். "ஜெயிலுக்குப் பூருல்தான் பார்சல் அனுப்புவா. நான் நீட்டுனா வாங்கமாட்டா. நீ குடும்மா, நீயே வாங்குனதாச் சொல்லு. உன்மேலதான் அவளுக்கு நம்பிக்கை." போகும்போது வாசலில் திரும்பினாள். "மீரிம் சாப்பிடுறாளா?"

லோயிஸ் பிள்ளைகளை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, பனியில் வழுக்கி வழுக்கி வீட்டுக்கு ஓடினாள். வாரனின் நியாயம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பூருல் அடுப்பில் கரி தள்ளிக்கொண்டிருந்தாள். மீரிமின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது.

"இது ஜிபார் அக்கா குடுத்தது," என்று பொட்டலத்தை வைத்தாள். "அவங்க சொல்லலக்கா. நான்தான். எங்க சபைக்கு எழுதுனேன். உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி எழுதுனேன். அங்க படிக்கிற சாய்ரா அம்மாவோட சொந்தக்காரப் பையன் அதைப் படிச்சிட்டான். பதினோரு நாளாத் தெரியும், சொல்லாம இருந்தேன். மன்னிச்சிருங்கக்கா."

பூருல் கரிக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை பேருக்கு எழுதுன?"

"நானூறு பேரு."

"நானூறு." பூருல் தலையை ஆட்டினாள். "நான் ஜெபம் பண்ணச் சொல்லி உங்கிட்டக் கேட்டேனா? கேட்டிருந்தாலும், கடவுள்கிட்ட நீ நேராச் சொன்னா அவருக்குக் காது கேக்காதா? கனடா வழியாத்தான் போகணுமா?"

லோயிஸ் பொட்டலத்தைப் பூருல் பக்கம் நகர்த்தினாள்.

"தங்கச்சின்னு நெனச்சுச் சொன்னேன்டி. உனக்கு அது எழுதுறதுக்கு ஆச்சு." அவ்வளவுதான் சொன்னாள். கோட்டுகூடப் போடாமல், கரிக்கையோடு வெளியே போனாள். ஜிபாரின் வீடு நான்கு வீடு தள்ளி. அங்கே பூருல் அழுத சத்தம் இங்கே கேட்டது; கூடவே ஜிபாரின் அழுகையும்.

அரைமணி கழித்து இரண்டு பேரும் சேர்ந்து வந்து விரிப்பில் உட்கார்ந்தார்கள். ஜிபாரின் கன்னத்தில் கரி ஒட்டியிருந்தது. லோயிஸ் நின்றுகொண்டே இருந்தாள்.

"நிக்காத, உக்காரு," என்றாள் பூருல், முகத்தைப் பார்க்காமல். "சொல்லாமலே ஓடிப் போயிருக்கலாம் நீ. ஓடல. அதை நான் மறக்கமாட்டேன். மத்ததையும் மறக்கமாட்டேன்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "மீரிம், வந்து டீ ஊத்துடி."

பதினைந்து நாளில் முதல்முறையாக மீரிம் வெளியே வந்தாள். இடது காதில் பொருக்கு இன்னும் உதிரவில்லை. அவளிடம் ஒரு வார்த்தைகூட மன்னிப்புக் கேட்கவில்லையே என்பது லோயிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய அப்பாவைப் பற்றி அவளைத் தவிர நானூறு பேருக்குச் சொல்லிவிட்டு, மன்னிப்பை அம்மாவிடம் மட்டும் கேட்டிருக்கிறாள். "மீரிம்..." என்று ஆரம்பித்தாள். மீரிம் காதில் வாங்கவில்லை.

அத்தைக்கு அரைக் கிண்ணம் ஊற்றினாள். அம்மாவுக்கு அரைக் கிண்ணம் ஊற்றினாள். லோயிஸின் கிண்ணத்தை எடுத்து, அவசரமே இல்லாமல், விளிம்பு தளும்பும்வரை ஊற்றி, ஒரு சொட்டும் சிந்தாமல் அவள் முன்னால் வைத்தாள்.

ஜிபார் பார்த்தாள். பூருலும் பார்த்தாள். கொஞ்சம் குறைத்து ஊற்றடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லோயிஸ் இரண்டு கையாலும் கிண்ணத்தை எடுத்தாள். நாக்கைச் சுட்டது. ஆறட்டும் என்று வைக்கவில்லை, முழுவதையும் குடித்தாள். குடித்துவிட்டு, சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டில் எல்லாரும் செய்வதுபோல் உள்ளங்கைகளால் முகத்தைத் துடைத்து, ஆமெனுக்கு அவர்கள் சொல்லும் "ஓமின்" சொல்லிவிட்டு, பெட்டியை எடுக்க எழுந்தாள்.